ஐசோஃபியா: குறுஞ்சிறகுப் புதர்வெட்டுக்கிளிகளை இனங்கண்டு வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

ஐசோஃபியா பேரினத்தில் இன்று ஏறத்தாழ 90 சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. மேற்கே பிரனீஸ் மலையில் தொடங்கி கார்பேத்திய மலைகள், பால்கன், அனடோலியா, காக்கசஸ் என்று கிழக்கே கசகஸ்தான் வரை இவை பரவியிருக்கின்றன. பெரும்பாலும் பச்சை உடல், நூல்போல நீண்ட உணர்கொம்பு, முதுகில் சட்டைக்கை போல ஒட்டிக்கொண்ட குட்டைச் சிறகு. பத்துச் சிற்றினங்களை வரிசையாக வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்குப் பத்தும் ஒன்றுதான்.

இதற்குக் காரணம் அந்தச் சிறகிலேயே இருக்கிறது. ஐசோஃபியாவால் பறக்க முடியாது. பின்சிறகு தேய்ந்துபோய்விட்டது. முன்சிறகு மிஞ்சியிருப்பது ஒலி எழுப்ப மட்டுமே: ஆண் பாடும், பெண் ஒரு சிறு சொடுக்கால் பதில் சொல்லும், ஆண் அந்தப் பதில் வந்த திசையில் நடந்து போகும். பறக்காத பூச்சி ஒரு மலையிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது அரிது. அப்படிப் பிரிந்து கிடந்த கூட்டங்களில் உடல் பெரிதாக மாறவில்லை, பாட்டு மாறிவிட்டது. ஆகவே பேரினத்தை உடலைப் பார்த்துச் சொல்லலாம். சிற்றினத்தை, ஆணின் சிறகையும் பாட்டையும் பார்க்காமல் சொல்லக் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த அடிப்படையில்தான் போகிறது.

தொடங்கும் முன்: அனுமதியும் கருவிகளும்

ஐசோஃபியா ஸ்டைசி, ஐசோஃபியா கோஸ்டாட்டா, ஐசோஃபியா ஹார்சி ஆகிய மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட ஆணையால் பாதுகாக்கப்பட்டவை. எது என்று தெரிவதற்கு முன்பே பிடிக்க வேண்டியிருப்பதால், ஒன்றிய நாடுகளில் எங்கே வேலை செய்தாலும் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும். அனுமதி இல்லையென்றால் படமும் ஒலிப்பதிவும் மட்டும் எடுத்துப் பூச்சியை அதே செடியில் விட்டுவிடுங்கள். ஆண் பூச்சியைப் பொறுத்தவரை பல சமயம் அதுவே போதும்.

களத்துக்கு: கனத்த துணியில் தைத்த வீச்சுவலை, மூடியில் வலை வைத்த சின்ன டப்பாக்கள், 10 மடங்கு கைலென்ஸ், 0.5 டிகிரி துல்லியமுள்ள வெப்பமானி, வினாடிக்கு 192 ஆயிரம் மாதிரிகளாவது எடுக்கும் மீயொலிப் பதிவுக்கருவி. மேசைக்கு: 10 முதல் 40 மடங்கு வரை பெருக்கும் இருகண் நுண்ணோக்கி, அதன் கண்லென்சில் அளவுகோல், பற்களை எண்ண 100 மடங்கு பெருக்கும் கூட்டு நுண்ணோக்கி, முள்முனை இடுக்கி, கண்ணாடித் துண்டுகள், நிறமில்லாத நகப்பூச்சு.

கைப்பேசி ஒலிவாங்கி இந்த வேலைக்கு உதவாது. ஐசோஃபியாக்களின் பாட்டில் பெரும் ஆற்றல் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, பெரும்பாலும் 20 முதல் 40 வரையான பட்டையில் இருக்கிறது. வினாடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் பதிவு 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் காட்டாது. பதிவில் ஏதோ டிக் டிக் என்று கேட்டாலும், அது பாட்டின் அடிவிளிம்பு மட்டுமே.

படி 1: பருவத்தையும் செடியையும் பிடியுங்கள்

வசந்தத்தில் முட்டை பொரிக்கும். தாழ்நிலங்களில் மே, ஜூனில் வளர்ந்த பூச்சி கிடைக்கும். உயர்மலைப் புல்வெளிகளில் ஜூலை, சில இடங்களில் ஆகஸ்டு வரை இருக்கும். அறுப்பு நடந்துவிட்ட புல்வெளியில் தேடிப் பயனில்லை. காட்டோரம், அகன்ற இலைச்செடிகள் அடர்ந்த ஈரப்புல்வெளி, முட்புதர்களின் விளிம்பு ஆகிய இடங்களில் பாருங்கள். இவை புல்லைவிட அகன்ற இலைச்செடிகளையே விரும்பித் தின்னும்.

பகலில் வலைவீச்சு உதவும், ஆனால் இருட்டிய பிறகு தலைவிளக்கோடு நடப்பதே சிறந்தது. பகலில் இலைமறைவில் இருந்தவை அப்போது செடியின் உச்சிக்கு ஏறிப் பாடும். மீயொலி கேட்கும் கருவியை 25 முதல் 30 கிலோஹெர்ட்ஸில் வைத்து மெதுவாகச் சுற்றித் திருப்பினால் திசை தெரியும். மீயொலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், நன்றாகக் கேட்டாலே பூச்சி அருகில் இருக்கிறது என்று பொருள்.

படி 2: வளர்ந்ததா, இளம்பூச்சியா?

குட்டைச் சிறகு வெட்டுக்கிளிகளில் நடக்கும் முதல் தவறு இது. எந்த வெட்டுக்கிளியின் இளம்பூச்சிக்கும் குட்டைச் சிறகுதான் இருக்கும். நீண்ட சிறகு வளரப்போகும் வேறொரு பேரினத்தின் குஞ்சைக் குறுஞ்சிறகி என்று எழுதிவிடுவார்கள். வளர்ந்த ஐசோஃபியா ஆணின் இடச் சிறகு வலச் சிறகின்மேல் படிந்திருக்கும், அதன் மேற்புறத்தில் தடித்த ஒரு குறுக்கு நரம்பு புடைத்துத் தெரியும். இளம்பூச்சியின் சிறகு மொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் உடலோடு ஒட்டிக் கிடக்கும். பெண்ணில் முட்டையிடும் உறுப்பைப் பாருங்கள்: வளர்ந்ததில் அது கெட்டியாகி, நுனி விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்கும், இளம்பூச்சியில் மெத்தென்று, பற்கள் இல்லாமல் இருக்கும்.

கடைசிப் பருவ இளம்பூச்சி கிடைத்தால் வீணாக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள வலைக்கூண்டில் சீமைக்காட்டுமுள்ளங்கி, குளோவர், முட்புதர்ப் பழச்செடி போன்ற அகன்ற இலைகளைத் தினமும் மாற்றிக் கொடுங்கள். தோலுரிக்கும்போது தலைகீழாகத் தொங்க வேண்டும், ஆகவே கூண்டு பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரமாவது இருக்கட்டும். உயரம் போதாத டப்பாவில் தோலுரித்தவற்றின் சிறகு கசங்கிப்போகும், பாட்டும் கெட்டுவிடும். தோலுரித்த சில நாட்களில் ஆண் பாடத் தொடங்கும்.

படி 3: துணைக்குடும்பத்தை உறுதிசெய்யுங்கள்

குறுஞ்சிறகு என்ற ஒரே அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சிறகு குட்டையாவது தனித்தனியாகப் பல மரபுகளில் நிகழ்ந்திருக்கிறது. ஐரோப்பியப் புதர்களில் அதிகம் குழப்புவது ஃபோலிடாப்டெரா, மெட்ரியாப்டெரா போன்ற டெட்டிகோனினே துணைக்குடும்பத்தினர். மூன்று இடங்களைப் பாருங்கள்.

பாதத்தின் முதலிரண்டு கணுக்களில் பக்கவாட்டில் நீளப்பள்ளம் இருந்தால் அது டெட்டிகோனினே. ஐசோஃபியா அடங்கும் ஃபனெராப்டெரினேயில் அந்த இடம் வழவழப்பாக உருண்டிருக்கும். முன்கணைக்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே செவிப்பறை இருக்கும்: ஐசோஃபியாவில் அது இரு புறமும் திறந்த நீள்வட்டமாகத் தெரியும், டெட்டிகோனினேயில் மூடியின் கீழ் ஒடுங்கிய கீற்றாகத்தான் தெரியும். பெண்ணின் முட்டையிடும் உறுப்பு ஐசோஃபியாவில் பக்கவாட்டில் தட்டையாகி, மேல்நோக்கி வளைந்து, ரம்பவிளிம்போடு இருக்கும். டெட்டிகோனினேயில் விளிம்பு பெரும்பாலும் மழுமழுவென்று வாள்போல நீளும்.

படி 4: பேரினம் — அண்டைப் பேரினங்களிலிருந்து பிரித்தல்

ஐசோஃபியாவும் அதன் உறவுகளும் பார்பிடிஸ்டினி என்ற குலத்தில் அடங்கும். எல்லாமே பறக்காதவை, பெரும்பாலானவை பச்சை. இங்கே முக்கியமான உறுப்பு, ஆணின் வயிற்று நுனியில் இடுக்கிபோல நிற்கும் செர்சை இணை.

ஐசோஃபியாவின் செர்சைகளைப் பின்புறத்திலிருந்து 20 மடங்கில் பாருங்கள். அடி தடித்து உருண்டிருக்கும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய நேராகவே வரும். பிறகு உள்நோக்கி வளைந்து ஒடுங்கும். நுனியில் கருத்த, ஒற்றைச் சிறுபல் ஒன்று இருக்கும், விளக்கொளி பட்டால் அது மட்டும் மின்னும். இந்த ஒற்றைப் பல்தான் போய்சிலிமானிலிருந்து ஐசோஃபியாவைப் பிரிக்க உடனே உதவும் அடையாளம். போய்சிலிமானில் பல சிற்றினங்களுக்குச் செர்சை நுனியோரம் ஒரு வரிசைப் பற்கள் உண்டு. போய்சிலிமான் 140 சிற்றினங்களைத் தாண்டிய பெரிய பேரினம், அதில் விதிவிலக்குகளும் உண்டு என்பதால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: போய்சிலிமான் ஆணின் முன்மார்புத் தகடு பின்பக்கம் தூக்கிச் சேணம்போல நிற்கும், சிறகின் பெரும்பகுதி அதற்குள் மறையும். ஐசோஃபியா ஆணில் தகடு அவ்வளவு தூக்காது, சிறகு வெளியே நீண்டு வயிற்றின் முதல் இரண்டு மூன்று கண்டங்களை மூடும்.

மற்றவை எளிது. லெப்டோஃபையிஸ் சிறியது, உடல் முழுக்க நுண்கரும்புள்ளி அடர்ந்திருக்கும். பார்பிடிஸ்டெஸ் ஆணின் செர்சை எஸ் வடிவில் இருமுறை வளைந்து நீண்டு நிற்கும், மரங்களிலும் புதர்களிலும்தான் அதிகம் கிடைக்கும். பாலிசார்கஸ் கனத்த உடம்பு, அகன்ற தலை, உடலோடு ஒப்பிட்டால் குட்டையான உணர்கொம்பு. அதன் பாட்டு வெறும் காதுக்கே பலமாகக் கேட்கும்.

நிறத்தை எங்கும் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே சிற்றினத்தில் வெறும் பச்சையும் கருஞ்சிவப்புப் புள்ளி போட்ட பச்சையும் உண்டு. செத்த மாதிரியில் பச்சை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். மார்புத்தகட்டின் ஓரக்கோடு சில குழுக்களில் உதவும், அதுவும் உயிரோடு எடுத்த படத்தில் மட்டும்.

படி 5: பாட்டைப் பதிவு செய்தல்

கொல்வதற்கு முன் பாட வைக்க வேண்டும். இதை மறந்தவரின் பெட்டியில் அழகாக ஊசி குத்திய, பெயர் வைக்க முடியாத ஆண்கள் மிஞ்சும்.

ஆணைத் தனியாக, உலோகமில்லாத மெல்லிய வலைக்கூண்டில் விடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் எதிரொலி சேர்ந்து ஒவ்வொரு துடிப்பும் இரட்டையாகத் தெரியும். ஒலிவாங்கி 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு அணைக்கப்பட்டு இருக்கட்டும். அது இயங்கினால் மெல்லிய துடிப்புகளைத் தூக்கியும் பலத்த துடிப்புகளை அமுக்கியும் பாட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். குறைந்தது 5 நிமிடம் பதியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பூச்சிக்கு அருகே வெப்பநிலையைப் படித்து, கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பூச்சியின் தசை வேகம் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. 15 டிகிரியில் பாடிய ஆணையும் 25 டிகிரியில் பாடிய ஆணையும் அப்படியே ஒப்பிட்டால் ஒரே சிற்றினம் இரண்டாகத் தெரியும். கூடியவரை 20 முதல் 25 டிகிரிக்குள் பதியுங்கள்.

வலைக்கூண்டில் பக்கத்தில் பெண் இருந்தால் அதன் பதிலும் பதிவில் விழும். ஆணின் ஒவ்வொரு ஒலித்துணுக்குக்கும் (அசைக்கும்) பின்னால் ஒழுங்கான இடைவெளியில் வரும் ஒரு குட்டிச் சொடுக்கு அது. கீழே சொல்லப்போகும் பின்சொடுக்கோடு இது குழம்பும். ஆகவே முதல் பதிவு, பெண் அருகில் இல்லாமல் எடுக்கப்பட வேண்டும்.

படி 6: அலைவடிவத்தைப் படித்தல்

கோப்பை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து, 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் காற்று, காலடிச் சத்தம் போகும். முதலில் 10 வினாடியைத் திரை முழுக்க வைத்து, அசைகள் தனித்தனியாக வருகின்றனவா, தொடராக வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஓர் அசையை மட்டும் பெரிதாக்குங்கள்.

அசை என்பது சிறகு ஒருமுறை திறந்து மூடும்போது வரும் ஒலி. திறக்கும்போது வருவது மெல்லியது, பல சமயம் பதிவிலேயே இருக்காது. மூடும்போது இடச் சிறகின் அடியில் உள்ள பல்வரிசை, வலச் சிறகின் விளிம்பில் உரசும். ஒவ்வொரு பல்லும் ஒரு துடிப்பு. திரையில் இது மீன்முள்போல நெருங்கிய கோடுகளாக, மெல்ல உயர்ந்து சட்டென்று முடியும் ஒரு கொத்தாகத் தெரியும். பல சிற்றினங்களில் அந்தக் கொத்து முடிந்து சற்று வெறுமைக்குப் பிறகு தனியாக ஒன்றோ சிலவோ துடிப்புகள் நிற்கும். அதுதான் பின்சொடுக்கு. அது இருக்கிறதா, எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை துடிப்பு என்பது ஐசோஃபியாவில் தங்கத்துக்குச் சமமான தகவல்.

அளக்க வேண்டியவை: அசையின் நீளம், ஓர் அசையின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரையான காலம், முதன்மைக் கொத்தின் துடிப்பு எண்ணிக்கை, கொத்துக்கும் பின்சொடுக்குக்கும் இடைவெளி. ஓர் ஆணுக்கு 10 அசைகள், ஓரிடத்துக்கு முடிந்தால் 5 ஆண்கள். ஒரே ஆண் இரண்டு மூன்று வகை அசைகளைக் கலந்து பாடும் சிற்றினங்கள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த வகைக்கும் பொருந்தாத ஒரு எண்தான் கிடைக்கும். முதலில் வகை பிரியுங்கள், பிறகு அளவெடுங்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கிழக்குக் கார்பேத்திய மலையே சாட்சி. அங்கே ஐசோஃபியா காம்ப்டாக்சிஃபா என்று கருதப்படக்கூடிய கூட்டங்களிடையே 2010இல் ஐசோஃபியா சிகூலா தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. உருவத்தில் இரண்டும் பிரிக்க முடியாத அளவு நெருக்கம், ஆணின் பாட்டுதான் பிரித்தது. அதே ஆண்டில் சியூகாஷ் மலையிலிருந்து ஐசோஃபியா சியூகாசியும், 2012இல் ஐசோஃபியா நாகியும் வந்தன. இவை அனைத்தும் ருமேனியாவிலிருந்து, பல தலைமுறை ஆய்வாளர்கள் நடந்து தேய்த்த மலைகளிலிருந்து.

படி 7: கொல்லுதல், பாதுகாத்தல்

உயிரோடு மேலிருந்து, பக்கவாட்டில், வயிற்று நுனிக்குப் பின்னிருந்து என மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு ஆய்வு வேண்டுமானால், ஒரு பின்தொடையை 96 விழுக்காடு எத்தனாலில் போட்ட பிறகுதான் பூச்சியை எத்தில் அசிட்டேட் குப்பியில் இட வேண்டும். அந்த ஆவி டி.என்.ஏ.வைச் சிதைக்கும். உறையவைத்துக் கொல்வது மரபணு ஆய்வுக்கும் உலர்மாதிரிக்கும் பொருந்தும்.

இவை இலை தின்று வயிறு நிறைந்த பூச்சிகள். குடலை எடுக்காமல் உலர்த்தினால் அழுகிக் கறுத்து, வயிறு சுருங்கிச் செர்சையின் கோணத்தையும் மாற்றிவிடும். அடிவயிற்றில் நீளவாக்கில் சிறு கீறல் இட்டு, இடுக்கியால் குடலை இழுத்து, ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி, மெல்லிய பஞ்சுச்சுருள் வையுங்கள். நுனிக்கண்டங்களைத் தொடாதீர்கள். ஊசி முன்மார்புத் தகட்டின் பின்பகுதியில், நடுக்கோட்டுக்கு வலப்புறம் இறங்கட்டும். இடச் சிறகைத் துளைத்துவிட்டால் பல்வரிசை போயிற்று. செர்சைகளை இயல்பான கோணத்தில் இரு ஊசிகளால் நிறுத்தி உலர விடுங்கள்.

சீட்டில் நாடு, இடம், ஆயக்கோடுகள், கடல்மட்ட உயரம், தேதி, சேகரித்தவர், செடி. ஒலிக்கோப்பின் எண்ணும் அதே ஊசியில் ஏற வேண்டும். எண் இல்லாத பாட்டும், பாட்டு இல்லாத மாதிரியும் பாதிச் சான்றுகளே.

படி 8: சிறகும் பல்வரிசையும்

முதலில் சிறகு உடலில் இருக்கும்போதே மேலிருந்து இரண்டு அளவு எடுங்கள்: இடச் சிறகின் மேலே புடைத்த ஒலிநரம்பின் நீளம், முன்மார்புத் தகட்டின் பின்விளிம்பு அகலம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் விகிதம் பல திறவுகோல்களில் (கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து சிற்றினப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்களில்) முதல் கிளைகளிலேயே கேட்கப்படும். பார்வைக்கோணம் சாய்ந்தால் நரம்பு குட்டையாகத் தெரியும் என்பதால், சிறகுப் பரப்பு லென்சுக்கு இணையாக வரும்வரை மாதிரியைச் சாயுங்கள்.

பிறகு ஓர் ஆணின் இடச் சிறகைக் கழற்றி, வெந்நீராவியில் சில நிமிடம் மென்மையாக்கி, அடிப்பக்கம் மேலே வரும்படி கண்ணாடியில் வையுங்கள். பல்வரிசைமேல் நகப்பூச்சை ஒரே இழுப்பாக, மெல்லிதாகப் பூசி முழுதாக உலர விட்டு, இடுக்கியால் உரித்தெடுத்தால் பற்களின் அச்சு கிடைக்கும். இருமுறை பூசினால் குமிழி சேரும். அச்சைக் கண்ணாடித் தகட்டில் அழுத்தி 100 மடங்கில் எண்ணலாம். இரு முனைகளிலும் பற்கள் நுண்ணிதாகி மறையும். எங்கே நிறுத்துவது என்பதில் ஒருவருக்கொருவர் வேறுபடுவதால், மொத்த எண்ணிக்கையோடு நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பல் என்பதையும் எழுதுங்கள். பின்னதுதான் நம்பத்தக்கது.

பெண்ணுக்கு இந்தப் பல்வரிசை கிடையாது. வலச் சிறகின் மேற்புறத்தில் சிதறிய நுண்முட்கள் அதற்கு ஒலிக்கருவி. பெண்ணில் அளக்க வேண்டியது முட்டையிடும் உறுப்பின் நீளத்தை முன்மார்புத் தகட்டின் நீளத்தோடு ஒப்பிடும் விகிதம், ரம்பப் பற்களின் எண்ணிக்கை. பெண் தனியாகக் கிடைத்தால் "ஐசோஃபியா, சிற்றினம் உறுதியில்லை" என்று எழுதுவதே நேர்மை. இடத்தை வைத்து ஊகித்து எழுதிய பெயர்களால் பரவல் வரைபடங்கள் கெட்டிருக்கின்றன.

படி 9: பெயரும் வகைப்பாட்டு இடமும்

இதுவரை சேர்ந்தவற்றைப் பகுதிவாரித் திறவுகோலில் ஓட்டுங்கள். கார்பேத்தியத் திறவுகோல் அனடோலியாவுக்குப் பொருந்தாது. பொருந்துவதுபோல ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும், அதுதான் ஆபத்து. கிடைத்த பெயரை ஆர்த்தாப்டெரா ஸ்பீஷீஸ் ஃபைல் தரவுத்தளத்தில் சரிபார்த்து, இன்று செல்லுபடியாகிறதா, வேறு பெயருக்குள் சேர்க்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். ஜெர்மனியின் பழைய நூல்களில் ஐசோஃபியா பிரனேயா என்று இருப்பது இன்று ஐசோஃபியா கிராவுசி. பழைய அருங்காட்சியகச் சீட்டை அப்படியே நகலெடுத்தால் பிரனீஸ் பூச்சி ஜெர்மனிக்கு வந்துவிடும்.

வகைப்பாட்டு வரிசை இது: நேர்சிறகிகள் வரிசை, டெட்டிகோனிடே குடும்பம், ஃபனெராப்டெரினே துணைக்குடும்பம், பார்பிடிஸ்டினி குலம், ஐசோஃபியா பேரினம், ஆசிரியர் புருன்னர் ஃபான் வாட்டன்வில், ஆண்டு 1878. ஃபனெராப்டெரிடே என்று தனிக்குடும்பமாக உயர்த்தி எழுதுவோரும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள். சிற்றினங்களை மேலும் குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். இந்தக் குழுக்களுக்குப் பெயரிடல் விதியில் இடமில்லை, வேலை வசதிக்கானவை.

மரபணுவை எப்போது சேர்ப்பது? சி.ஓ.ஐ. என்ற இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுவின் 658 எழுத்து வரிசை மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் ஐசோஃபியாவில் அதை மட்டும் நம்பக் கூடாது. அண்மையில் பிரிந்த சிற்றினங்களில் வேறுபாடு மிகச் சிறிது. அதோடு, வெட்டுக்கிளிகளில் இழைமணி மரபணுவின் போலிப் பிரதிகள் உட்கருவில் நிறைய உண்டு. அவை கலந்து வந்தால் இல்லாத சிற்றினம் முளைக்கும். வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, நடுவில் நிறுத்தக்குறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது போலி. குரோமோசோம் எண்ணும் அதிகம் உதவாது: பெரும்பாலான ஐசோஃபியா ஆண்களில் அது 31, ஒற்றை எக்ஸ்.

எல்லாம் பார்த்த பிறகும் எந்தப் பெயரும் பொருந்தவில்லை என்றால், புதுச் சிற்றினம் என்று அறிவிக்குமுன் மிக நெருங்கிய சிற்றினத்தின் வகைமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) எடுக்கப்பட்ட அதே இடத்துக்குப் போய், அதே வெப்பநிலையில் அதன் ஆண்களைப் பதிவு செய்யுங்கள். பழைய விவரிப்புகள் பல செத்த மாதிரியை மட்டும் வைத்து எழுதப்பட்டவை, அவற்றின் பாட்டு மூல இடத்தில்தான் கிடைக்கும். இரண்டு பாட்டும் ஒரே பதிவில் அருகருகே வைத்தும் வேறாகவே நின்றால், முதன்மை மாதிரியாக ஓர் ஆணைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுப் பதிவானதும், சிறகு முழுதாக இருப்பதும் அதே ஆணாக இருக்கட்டும்; பல்வரிசை அச்சுக்கு வேறோர் ஆணின் சிறகைக் கழற்றுங்கள். மாதிரி பொது அருங்காட்சியகத்துக்கும், ஒலிக்கோப்பு எவரும் திறந்து கேட்கக்கூடிய களஞ்சியத்துக்கும் போக வேண்டும். இணைய இதழில் வெளியிட்டால் விலங்குப் பெயர்களைப் பதியும் சூபேங்க் தளத்தின் பதிவெண் 2012 முதல் கட்டாயம். அது கட்டுரைக்குள்ளேயே அச்சாகாவிட்டால் பெயர் செல்லாது.